துணிமூட்டைக்கு யார் காவல்?

அடுத்த தடவை குற்றாலம் போனால் அருவியைப் பார்க்காதீர்கள். அருவிக்கு எதிரே பாருங்கள். ஏதாவது ஒரு ஓரத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். மடியில் மூன்று செல்போன், ஒரு மூக்குக்கண்ணாடி, வீட்டுக்காரரின் வாட்ச். பக்கத்தில் மாற்றுத்துணி மூட்டை, சாப்பாட்டு வாளி, ஆறு ஜோடி செருப்பு. ஒரு கண் கூட்டத்தில், இன்னொரு கண் குரங்கின் மேல். யாராவது கூப்பிட்டால் ஒரே பதில்தான் வரும். "நீங்க குளிச்சிட்டு வாங்க, நான் பாத்துக்கிடுதேன்."

எங்கள் வீட்டில் அந்த அம்மா, என் அம்மாவேதான். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து குடும்பத்தோடு குற்றாலம் போயிருக்கிறோம். அம்மா முழுசாக நின்று குளித்து நான் பார்த்தது மூன்று நான்கு முறை இருக்கலாம். அதுவும் கடைசியில், எல்லாரும் தலை துவட்டிவிட்டு "சீக்கிரம் வாங்க, பசிக்குது" என்று கத்துகிற நேரத்தில். காலையில் நாலு மணிக்கு எழுந்து புளியோதரை கிளறுவதும் அவர்தான், சாயங்காலம் வீட்டுக்கு வந்து எல்லாருடைய ஈரத்துணியையும் அலசிக் காயப்போடுவதும் அவர்தான். குளித்தது நாங்கள், துவைத்தது அம்மா. இதற்குப் பெயர் எங்கள் வீட்டில் "குடும்பத்தோட வெளியே போயிட்டு வந்தோம்".

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவ் விட்டதும் எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான். பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்கள், போனும் கையுமாக இருக்கிறார்கள், எங்கேயாவது வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும். தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு "எங்கேயாவது" என்றால் அது குற்றாலம்தான். இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது. குற்றாலத்தில் குளித்து வளர்ந்தவளே இப்படிச் சொல்வது கொஞ்சம் ஓவர்தான், திட்டுகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

அரையாண்டு லீவுக்கு அருவி வேண்டாம். குளத்துக்குப் போங்கள். நீச்சல் குளம் இல்லை, நம்ம ஊர்க் குளம். ஏரி, கண்மாய் என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வார்களே, அது.

ஏன் என்று சொல்கிறேன். குற்றாலத்தின் நிஜமான சீசன் ஜூன் முதல் செப்டம்பர் வரை. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து முகத்தில் சாரலைத் தெளிக்கும். அப்போது ஊரே வெளியூர்க்காரர்களால் நிரம்பியிருக்கும், நம் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வந்து நிற்பார்கள். உள்ளூர்க்காரன் "கூட்டம் குறையட்டும், லீவுக்குப் போய்க்கிடலாம்" என்று தள்ளிப்போடுவான். அப்படித் தள்ளிப்போட்டு டிசம்பரில் போனால் என்ன இருக்கும்? கார்த்திகை முதல் தேதியிலிருந்து தை பிறக்கும் வரை ஐயப்ப சாமிகள் சீசன். அச்சன்கோவில், ஆரியங்காவு வழியாகப் போகிறவர்களும் சபரிமலை போய்த் திரும்புகிறவர்களும் இங்கே குளித்துவிட்டுத்தான் போவார்கள். அது அவர்கள் யாத்திரை, குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த நெரிசலில் வண்டியை நிறுத்த இடம் தேடியே நம் பாதி நாள் போய்விடும்.

இன்னொன்று, தண்ணீர். டிசம்பரில் வருவது வடகிழக்குப் பருவமழை. இது சாரல் மாதிரி சொல்லிக்கொண்டு வருகிற மழை இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. 2024 டிசம்பரிலும் பேரருவியில் வெள்ளம் காட்டாறாக இறங்கியது. இப்படி நாட்களில் குளிக்கத் தடை போட்டு விடுவார்கள், போட்டே ஆக வேண்டும். 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்து போனான். அது மழைக்காலம்கூட இல்லை. அருவியில் நிற்கிற நமக்கு மலைக்குள் என்ன பெய்கிறது என்று தெரியாது. தடை போட்ட நாளில் போலீஸ்காரரிடம் "ஒரே ஒரு முங்கு சார்" என்று கெஞ்சுகிற அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். (எங்க அப்பாவும் அதில் ஒருத்தர். இதை அவர் படிக்க மாட்டார் என்கிற தைரியம்தான்.)

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். என்னுடைய பெரிய வருத்தம் வேறு. அருவியில் குடும்பம் சேர்ந்து இருப்பதே இல்லை. ஆண்கள் பக்கம் தனி, பெண்கள் பக்கம் தனி. அது அவசியம்தான், அதில் சண்டை இல்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். அப்பாவும் தம்பியும் ஒரு பக்கம் போய்விடுவார்கள். நான் ஒரு பக்கம். ஆச்சிக்கு வழுக்கும் என்று படியிலேயே நின்றுவிடுவாள். அம்மா மூட்டையோடு இன்னொரு இடம். தண்ணீர்ச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. மூன்று மணி நேரம் கழித்து சிப்ஸ் கடை வாசலில் எல்லாரும் ஒன்று சேர்வோம். போகும்போது வேனிலும் வரும்போது பரோட்டாக் கடையிலும்தான் நாங்கள் குடும்பமாக இருந்திருக்கிறோம்.

சரி, குளத்துக்கு வருவோம்.

பேரருவியில் விழுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று என் வகுப்பில் நான்கு பேரைக் கேட்டேன். மூன்று பேர் "கடலுக்கு" என்றார்கள். தப்பில்லை, ஆனால் நடுவில் உள்ளதெல்லாம் விட்டுப்போகிறது. அந்த அருவிதான் சிற்றாறு. மேலே பொங்குமாங்கடலில் விழுந்து வேகம் தணிந்து, நம் தலையில் கொட்டி, கோயிலைத் தாண்டி, தென்காசி வழியாகக் கிழக்கே ஓடி சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. போகிற வழியெல்லாம் அணைக்கட்டுகள், கால்வாய்கள், குளங்கள். ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குத் தண்ணீர். எங்கள் ஊர் தென்காசிக்குக் கிழக்கே இருக்கிறது. எங்கள் குளத்தில் நிற்பதும் அந்த மலைத் தண்ணீர்தான், வேகம் அடங்கி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். குற்றாலம் நம் வீட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது நாம் வேன் பிடித்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போகிறோம்.

டிசம்பர் கடைசியில் குளம் இருக்கிற அழகு கோடையில் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. கரை தொட்டுத் தண்ணீர். கீழே பிசான நெல் பச்சைப்பசேல் என்று நிற்கும். மேற்கே மலை, காலை ஏழு மணிக்கு அதன் மேல் வெயில் விழும்போது பள்ளத்தாக்கெல்லாம் தனித்தனியாகத் தெரியும். காற்று அடங்கியிருக்கும். மார்கழிப் பனியில் கோயில் ஸ்பீக்கர் எங்கிருந்தோ கேட்கும். வடக்கேயிருந்து பறவைகள் வந்து இறங்கியிருக்கும்.

போன அரையாண்டு லீவில் ஒரு நாள் நான் அடம்பிடித்து வீட்டில் எல்லாரையும் குளத்தங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சுலபமாக நடக்கவில்லை. அப்பா பேப்பரை மடிக்காமலே கேட்டார். "குளத்துல என்னட்டி இருக்கு பாக்குறதுக்கு?" தம்பி எட்டாம் வகுப்பு, போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அம்மா கேட்டது ஒன்றுதான். "சாப்பாடு என்ன கட்ட?"

ஒன்றும் கட்ட வேண்டாம் என்று சொன்னேன். கடையில் இட்லி வாங்கிக்கொள்ளலாம். மாற்றுத்துணியும் வேண்டாம், யாரும் குளிக்கப் போவதில்லை. அம்மா கொஞ்ச நேரம் சும்மா நின்றார். எதையும் கட்டாமல், எதையும் தூக்காமல் வாசலைத் தாண்டுவது அவருக்கு ஏதோ மறந்துவிட்டுப் போகிற மாதிரி இருந்திருக்க வேண்டும். தெருமுனை வரை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

கரையில் முதல் பத்து நிமிஷம் நான் பயந்தபடிதான் போனது. தம்பி "போர்" என்றான். அப்பா மடையில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்த்துவிட்டு மராமத்து சரியில்லை என்று அரசாங்கத்தைத் திட்ட ஆரம்பித்தார். நான் லைப்ரரியில் எடுத்த பறவைப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு பழுப்பு நிறக் கொக்கைப் பார்த்துப் பக்கம் பக்கமாகத் தேடிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அம்மா சொன்னார்.

"அது மடையான்லா. மடையிலயே நிக்கும், அதான் மடையான். பறக்கும்போது பாரு, வெள்ளையா இருக்கும்."

சொல்லி முடிக்கவும் அது எழும்பிப் பறக்கவும் சரியாக இருந்தது. சிறகு விரித்ததும் அப்படியே வெள்ளை! தம்பி போனைப் பையில் போட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நடுக்குளத்தில் கறுப்பாய் நூற்றுக்கணக்கில் மிதந்தவை நாமக்கோழி என்றார், நெற்றியில் வெள்ளை இருக்கிறதாம், நாமம் போட்ட மாதிரி. சின்னதாய் ஒன்று முங்கி வேறு இடத்தில் எழுந்தது முக்குளிப்பான். தாமரை இலை மேல் நடந்து போவது இலைக்கோழி. கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு பாம்பு மாதிரி நீந்தியதைப் பார்த்து நான் அலறியபோது, "பாம்புத்தாராட்டி, கத்தாத" என்றார். அம்மா பிறந்த ஊரும் குளத்தங்கரை ஊர்தான். பத்து வயதில் ஆடு மேய்க்கப் போன இடத்தில் இதையெல்லாம் பார்த்துப் பார்த்துத் தெரியுமாம். எத்தனை வருஷம் ஆச்சும்மா குளத்தைப் பார்த்து என்று கேட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு வரவில்லை என்றார். எங்கள் வீட்டிலிருந்து குளம் நடந்து போகிற தூரம். அம்மா வெளியே போனதெல்லாம் கோயில், கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, வருஷத்துக்கு ஒரு முறை குற்றாலத்தில் மூட்டைக்குக் காவல்.

அப்பா அன்று ராத்திரி ஒரு வாதம் வைத்தார். பறவை பார்ப்பதெல்லாம் வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு என்று. இதற்குப் பதில் நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. திருக்குற்றாலக் குறவஞ்சி என்றால் நமக்கெல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த மலைவளப் பாட்டும் குரங்குகளும்தான் நினைவுக்கு வரும். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் அதோடு நிறுத்தவில்லை. பின்பாதியில் சிங்கன் என்கிற குறவன் வருகிறான், கூட்டாளி நூவனோடு. குற்றாலநாதருக்கு உரிய வயல்களில் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவதைப் பார்க்கிறான். எந்தப் பறவை வருகிறது, எங்கே மேய்கிறது என்று அடுக்கிக்கொண்டே போகிறான். அவன் கண்ணி வைத்துப் பிடிக்கத்தான் பார்த்தான், உண்மை. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே நம் சிற்றாற்றங்கரையில் ஒருத்தன் நின்று பறவைப் பட்டியல் போட்டிருக்கிறான் என்பது சும்மாவா? பறவைகளைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய மா. கிருஷ்ணன் 1912ல் பிறந்ததும் திருநெல்வேலியில்தான். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950லிருந்து 1996ல் இறக்கும் வரை தொடர்ந்து எழுதினார்.

வெள்ளைக்காரன் கதையும் கிட்டத்தட்ட சிங்கன் கதைதான். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் லீவில் குழு குழுவாகக் காட்டுக்குப் போய், யார் அதிகம் சுட்டது என்று போட்டி வைத்துப் பறவைகளையும் விலங்குகளையும் சுடுவது ஒரு வழக்கமாக இருந்தது. 1900 கிறிஸ்துமஸ் அன்று ஃபிராங்க் சாப்மன் என்பவர் சுடுவதற்குப் பதிலாக எண்ணுவோம் என்று தொடங்கினார். முதல் வருஷம் 27 பேர். அது இன்றும் ஒவ்வொரு குளிர்கால லீவிலும் நடக்கிறது. நமக்கும் அப்படி ஒன்று உண்டு. 2011லிருந்து அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. தன்னார்வலர்கள் குழுவாகப் பிரிந்து குளம் குளமாகப் போவார்கள், மாணவர்களும் சேரலாம். 2015லிருந்து பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு என்று தமிழ்நாடு முழுக்க நடக்கிறது. பொங்கலையொட்டி நான்கு நாட்கள், எங்கே வேண்டுமானாலும் குறைந்தது 15 நிமிஷம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இபேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும். மொட்டை மாடியில் நின்று காக்கா, மைனா எண்ணினாலும் கணக்குத்தான்.

எண்ணுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "இயற்கையை ரசி" என்று சொன்னால் தம்பி ஓடிவிடுவான். "நாமக்கோழி எத்தனைன்னு எண்ணு, நான் தப்பா எண்ணிட்டேன்" என்றால் நிற்பான். அன்று அவன் 212 என்றான், அப்பா 250க்குக் குறையாது என்றார். இரண்டு பேரும் திரும்ப எண்ணினார்கள், திரும்பச் சண்டை. அப்பாவும் தம்பியும் மார்க் விஷயம் தவிர வேறொன்றுக்காகச் சண்டை போட்டு நான் பார்த்தது அன்றுதான் :)

தம்பிக்கு ஆறாம் வகுப்பிலேயே கண்ணாடி. அவன் வகுப்பில் பாதிப் பேருக்கு இருக்கிறது என்கிறான். தைவானில் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை ஏறிக்கொண்டே போனதால் 2010லிருந்து தினமும் இரண்டு மணி நேரம் வெளியே வெளிச்சத்தில் இருக்க வைக்கும் திட்டத்தைப் பள்ளிகளில் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு வருஷா வருஷம் ஏறிக்கொண்டிருந்தது நின்று இறங்க ஆரம்பித்தது. வீட்டுக்குள் எத்தனை டியூப் லைட் போட்டாலும் மரத்தடி நிழல் வெளிச்சத்துக்கு ஈடாகாது. இதை வீட்டில் சொன்னேன். "அப்ப பிள்ளையக் கூட்டிட்டுப் போ" என்று அப்பா உடனே ஒத்துக்கொண்டார். அம்மாவுக்காக என்று கேட்டபோது யோசித்தவர்! பரவாயில்லை, எந்தக் கதவு திறந்தாலும் சரி.

இனி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். கரையில் பாட்டில் துண்டு கிடக்கிறது. அதிகாலையில் போனால் மூக்கைப் பொத்த வேண்டிய இடங்கள் உண்டு. சில குளங்களில் ஆகாயத்தாமரை மூடித் தண்ணீரே தெரியாது, சிலவற்றில் சீமைக்கருவேலம். சாயங்காலம் இருட்டிவிட்டால் பெண்கள் போக முடியாத இடம்தான், அங்கே உட்கார்ந்து குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மதினி முகத்துக்கு நேராகவே கேட்டார், "பொம்பளப் பிள்ளைய குளத்தங்கரைக்கு எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று. ஆனால் யோசித்துப் பாருங்கள். குடும்பங்கள் போகாததால்தானே அது பாட்டில்காரர்களின் இடமாக ஆனது? அம்மாவின் சின்ன வயதில் அங்கே துணி துவைத்தார்கள், குளித்தார்கள், ஆடு மாடு பத்தினார்கள், எந்நேரமும் ஆள் நடமாட்டம். பைப்பில் தண்ணீர் வந்தது, நல்ல விஷயம். கூடவே பெண்களுக்கு வெளியே போக இருந்த ஒரு காரணமும் போய்விட்டது. காலை ஏழு மணிக்கு நாலு குடும்பம் நடந்தால் அந்தக் கரை மாறும் என்றுதான் நினைக்கிறேன். நாங்கள் போன மூன்றாவது நாள் அந்த மதினியே மகளோடு வந்தார், கூந்தன்குளத்துக்குப் போகும் வெளிநாட்டு வாத்து இங்கே வருமா என்று கேட்டுக்கொண்டு. (வரித்தலை வாத்தைச் சொல்கிறார். இமயமலையைத் தாண்டி வருமே, அது. எங்கள் குளத்தில் நான் இதுவரை பார்க்கவில்லை. ஊசிவால் வாத்து பார்த்தேன்.)

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. பலத்த மழை பெய்த மறுநாள் கரைக்குப் போக வேண்டாம், மறுகால் பாயும் இடத்தில் பிள்ளைகளை இறக்க வேண்டாம், செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள், பாம்பு இருக்கும். வழுக்கும் பாறையும் மூச்சு முட்டும் கூட்டமும் இங்கே இல்லை என்றாலும் தண்ணீர் தண்ணீர்தான்.

குற்றாலத்தை நான் வெறுக்கவில்லை. ஆனி மாதச் சாரலில் ஐந்தருவியில் நிற்க எனக்கும் ஆசைதான், போவேன். மார்கழித் திருவாதிரைக்கு சித்திரசபைக்கு ஆச்சியைக் கூட்டிக்கொண்டும் போவேன். குடும்பமாக வெளியே போவது என்று பெயர் வைத்துவிட்டு, அதில் ஒருத்தரை மட்டும் சமையல்கட்டிலிருந்து மூட்டைக்கு மாற்றி உட்கார வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். அருவிக்கே போனாலும் மூட்டையை முறை வைத்துப் பாருங்கள். முதல் முறை அப்பாக்களுக்கு.

இந்தப் பொங்கலுக்கு எங்கள் குளத்தைக் கணக்கெடுப்பில் சேர்க்கலாம் என்று வீட்டில் சொன்னேன். பொங்கல் பானை இறக்கின பிறகு, 15 நிமிஷம் போதும்மா, அதற்கு மேல் நிற்க வேண்டாம் என்று அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டார்.

"பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல நின்னா ஏத்துக்கிட மாட்டாங்களோ?"